டெலிவிஷனில் பீர்! வீட்டில் ஊறல் போடுவோர் கொதிப்பு

வீட்டு அடுப்பில் பீர் தயாரிக்கிற ஆசாமிகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். திருட்டுத்தனமாக அல்ல. சட்டப்படி!

2010-ம் ஆண்டு அவர்களுடைய தொழிலை ஒரு டெலிவிஷன் தொடர் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டியது. சந்தோஷப்பட்டு இருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் அதிகமாகத் திட்டியவர்களும் அவர்கள்தான்! திட்டிக்கொண்டே அடுத்த வாரமும் பார்த்தார்கள். தொடர் நின்றதும் "ஐயோ, போச்சே" என்று வருத்தப்பட்டார்கள்.

ஏன் இந்தக் கோபம்? ஏன் இந்த வருத்தம்? அதன் விவரம் வருமாறு:-

ஞாயிறு இரவு

தொடரின் பெயர் "புரூ மாஸ்டர்ஸ்". பீர் தயாரிப்பில் கைதேர்ந்தவர்கள் என்று அர்த்தம். டிஸ்கவரி சேனலில் 2010 நவம்பர் 21-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு ஆரம்பமானது.

கதாநாயகன் நடிகர் இல்லை. சாம் கலஜியோனி என்ற பீர் கம்பெனி முதலாளி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் டெலவேர் என்று ஒரு குட்டி மாநிலம் உண்டு. அங்கே மில்டன் என்ற சிற்றூரில் இவருடைய "டாக்பிஷ் ஹெட்" கம்பெனி இருக்கிறது. வாரம் ஒரு புது பீர். அதற்காக ஊர் ஊராக, நாடு நாடாக அலைச்சல். இதுதான் தொடர்.

இந்த மாதிரி சின்னக் கம்பெனிகள் கைப்பக்குவமாகச் செய்கிற பீருக்கு அமெரிக்காவில் "கிராப்ட் பீர்" என்று பெயர். பெரிய கம்பெனிகள் ஒரே ருசியில் லட்சம் லட்சமாக டப்பாவில் அடைக்கும். கிராப்ட் பீர்க்காரர்கள் காப்பிக்கொட்டை போடுவார்கள், தேன் விடுவார்கள், பூசணிக்காயைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள்.

நம்ம ஆள்!

சாம் கலஜியோனியை வீட்டில் பீர் செய்கிறவர்கள் சொந்தக்காரர் மாதிரி நினைத்ததற்குக் காரணம் உண்டு. அவரும் சமையல் அறையில் ஆரம்பித்தவர்தான்.

1990-களின் தொடக்கத்தில் அவர் நியூயார்க்கில் வாடகை வீட்டில் இருந்த வாலிபர். பழுத்த செர்ரிப் பழங்களை வாங்கி வந்து, அதைப் போட்டு வீட்டிலேயே பீர் செய்தார். அதுதான் முதல் ஊறல். நண்பர்கள் குடித்துப் பார்த்து "பேஷ்" என்றதும், இனி இதுதான் என் தொழில் என்று முடிவு கட்டிவிட்டார்.

1995-ம் ஆண்டு டெலவேர் மாநிலத்தின் ரெஹோபோத் கடற்கரையில் ஒரு ஓட்டல் திறந்தார். அங்கேயே பீர் செய்து அங்கேயே விற்பது திட்டம். அந்த மாநிலச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. சட்டசபை வரைக்கும் போய்ச் சட்டத்தையே மாற்ற வைத்தார்!

அப்போது அவரிடம் இருந்த சாமான் என்ன தெரியுமா? வீட்டில் பீர் செய்கிறவர்கள் வைத்திருப்பது போன்ற பாத்திரங்கள். ஒரு தடவைக்குச் சுமார் 40 லிட்டர்தான் தேறும். அதனால் ராத்திரி பகலாகக் காய்ச்சிக்கொண்டே இருந்தார். நாட்டிலேயே மிகச் சின்ன பீர் கம்பெனி என்று பெயர் வாங்கினார்.

இன்னொரு கூத்தும் உண்டு. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது "ஹாப்ஸ்" என்கிற ஒரு கொடியின் பூ. அதை இரண்டு மூன்று தடவையாகக் கொட்டுவதுதான் வழக்கம். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் தூவிக்கொண்டே இருந்தால் என்ன என்று சாமுக்கு யோசனை வந்தது. மின்சாரத்தில் அதிரும் ஒரு கால்பந்து விளையாட்டுச் சாமானைப் பிடித்தார். அதோடு ஓட்டை போட்ட ஒரு வாளியைச் சேர்த்துக் கட்டினார். பொம்மை அதிர அதிர, பூ கொதிக்கிற பாத்திரத்தில் உதிர்ந்தது. அப்படிப் பிறந்த பீர்தான் அவருக்குப் பிற்பாடு பேரும் காசும் சம்பாதித்துக் கொடுத்தது.

பழைய சாமானைத் தட்டிக்கொட்டி மெஷினாக்குவது வீட்டு பீர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. ஐஸ் பெட்டியை ஊறல் தொட்டியாக்குவார்கள். பழைய பீப்பாயை அண்டாவாக்குவார்கள். அதனால்தான் "இவர் நம்ம ஆள்" என்று டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தார்கள்.

எச்சில் பீர்!

தொடரில் அதிகம் பேசப்பட்டது எச்சில் பீர்தான்.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் "சிச்சா" என்று ஒரு பழைய பானம் உண்டு. மக்காச்சோளத்தை வாயில் போட்டு மென்று, துப்பி, அதைக் கொதிக்க வைத்துச் செய்வது. அதையே செய்து பார்க்கிறேன் என்று கிளம்பினார் சாம். ஊதா நிறச் சோளத்தைக் கம்பெனி ஊழியர்களிடம் கொடுத்தார். எல்லாரும் உட்கார்ந்து மென்று துப்பினார்கள். அதைக் காமிரா அப்படியே படம் பிடித்தது!

பார்த்தவர்களுக்குக் குமட்டல். வீட்டு பீர்க்காரர்களுக்கோ எரிச்சல். அருவருப்பைக் காட்டினார்களே தவிர, அது ஏன் என்பதைப் போதுமான அளவு சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம்.

விஷயம் இதுதான். நாம் சோற்றை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றால் இனிக்கும். எச்சிலில் உள்ள ஒரு பொருள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. சர்க்கரை இருந்தால்தான் ஈஸ்ட் அதைத் தின்று போதைச் சத்தாக மாற்றும். பார்லியை முளை கட்ட வைப்பதும் இதே காரணத்துக்குத்தான். முளையிலும் அந்த மாதிரிப் பொருள் ஊறும். முளை கட்டத் தெரியாத இடத்தில், பாட்டிகள் பல்லையே மெஷினாக்கினார்கள். அவ்வளவுதான்! பிறகு நன்றாகக் கொதிக்க வைப்பதால் கிருமி செத்துவிடும்.

இதே தொடரில் இன்னொரு வாரம் எகிப்து பயணம். பேட்ரிக் மெக்கவர்ன் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பழம்பொருள் ஆராய்ச்சியாளர். பழைய கல்லறைச் சட்டிகளில் ஒட்டிக்கொண்டு இருக்கும் கசண்டைச் சுரண்டிப் பார்த்து, அந்தக் காலத்தில் என்ன குடித்தார்கள் என்று சொல்லிவிடக்கூடிய கில்லாடி. அவரையும் கூட்டிக்கொண்டு சாம் கெய்ரோ போனார். காற்றில் பறக்கும் ஈஸ்ட்டைப் பிடிக்கத் தட்டு வைத்தார்கள். அதை வைத்துப் பழங்கால எகிப்து முறையில் ஒரு பீர் செய்தார்கள். இன்னொரு வாரம், மைல்ஸ் டேவிஸ் என்ற பிரபல இசைக் கலைஞர் 1970-ல் வெளியிட்ட இசைத்தட்டின் 40-வது ஆண்டுக்காக ஒரு கறுப்பு பீர்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் என்ன குறை?

இதுதான் குறை

வீட்டு பீர்க்காரர்களிடம் எழுந்த புகார்கள் பெரும்பாலும் நான்கு.

ஒன்று: ஊர் சுற்றுவதைக் காட்டுகிறார்கள், வேலையைக் காட்டவில்லை. எத்தனை கிலோ பார்லி, எவ்வளவு சூடு, எத்தனை நாள் ஊறல் என்று குறித்துக்கொள்ளப் பேனாவோடு உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம்.

இரண்டு: இல்லாத பரபரப்பு. "நாளைக்குள் முடியாவிட்டால் எல்லாம் போச்சு" என்று வாரா வாரம் ஒரு கெடு. மெஷின் நிற்கும். முதலாளி நெற்றியைத் தேய்ப்பார். விளம்பரம் வரும். விளம்பரம் முடிந்ததும் மெஷின் ஓடும். இது சினிமாக் கதை, பீர்க் கதை இல்லை என்றார்கள்.

மூன்று: ஒரே கம்பெனிக்கு விளம்பரம். நாட்டில் நூற்றுக்கணக்கில் சின்னக் கம்பெனிகள் இருக்க, ஒருவர் முகத்தையே காட்டினால் எப்படி?

நான்கு: இதைப் பார்க்கிற சாதாரண ஜனங்கள், பீர் என்றால் எச்சிலும் விசித்திரப் பழமும் போட்டுச் செய்வதுதான் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். முளை கட்டிய பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் இந்த நான்கை வைத்து ஒழுங்காக ஒரு பீர் செய்வதே பெரிய வித்தை. அது யாருக்குத் தெரியும்?

டெலிவிஷன்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. விளம்பரம் போக அவர்கள் கையில் இருப்பது முக்கால் மணி நேரம். கொதிக்கிற அண்டாவை ஒரு மணி நேரம் யார் பார்ப்பார்கள்?

உண்மையில் என்ன வேலை?

டெலிவிஷன் தாண்டிப்போன அந்த வேலைதான் என்ன?

முளை கட்டிக் காயவைத்த பார்லியை நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட வேண்டும். சூடு ஏறினாலும் இறங்கினாலும் ருசி மாறும். இனிப்பு இறங்கிய அந்தக் கஷாயத்தை வடிகட்டி, ஹாப்ஸ் போட்டு இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்க விட வேண்டும். பிறகு அதைச் சீக்கிரமாகச் சுமார் 20 டிகிரிக்குக் குளிர வைக்க வேண்டும். ஈஸ்ட் போட்டு மூட வேண்டும். இரண்டு வாரம் நுரைத்து அடங்கும். பாட்டிலில் அடைக்கும்போது துளி சர்க்கரை. இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் பொங்குகிற பீர்.

வழக்கமாக ஒரு தடவைக்கு 19 லிட்டர் செய்வார்கள். 50 பாட்டில் தேறும்.

இதில் முக்கால்வாசி வேலை கழுவுவதுதான்! பாத்திரம் கழுவு, குழாய் கழுவு, பாட்டில் கழுவு. கழுவினால் மட்டும் போதாது, கிருமி நாசினியில் முக்கி எடுக்க வேண்டும். ஒரு இடத்தில் கோட்டை விட்டால், ஒரு மாதம் காத்திருந்த 19 லிட்டரும் புளித்துச் சாக்கடைக்குப் போகும். சர்க்கரை கை கூடிப்போனாலோ, நுரைப்பது அடங்கும் முன் அவசரப்பட்டு அடைத்தாலோ, பாட்டில் வெடிகுண்டு மாதிரி வெடிக்கும். அலமாரி முழுக்கக் கண்ணாடிச் சில்!

கழுவுகிறவனைக் காட்டவில்லையே என்பதுதான் கோபத்தின் வேர். வார நாள் எல்லாம் ஆபீசிலும் பாக்டரியிலும் உழைத்துவிட்டு, சனிக்கிழமை முழுக்க வாளியும் பிரஷ்ஷுமாக நிற்கிற ஆளுக்கு, டெலிவிஷனில் தன் வேலை விமானத்தில் பறப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

சாராயமா இது?

இங்கே வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். வீட்டில் ஊறல் என்றால் நமக்கு ஞாபகம் வருவது போலீஸ் ரெய்டுதான். தமிழ்நாட்டில் அனுமதி இல்லாமல் ஊறல் போட்டால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டது யாருக்கும் மறக்காது.

அது வேறு, இது வேறு. கள்ளக்குறிச்சியில் ஆளைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால் என்ற ரசாயனம். பீரில் அந்தச் சரக்கும் கிடையாது, ஆவியாக்கி வடிப்பதும் கிடையாது. ஊறியது ஊறியபடியே குடிப்பது. போதைச் சத்து 100-க்கு 5 பங்கு அளவில்தான் இருக்கும். அமெரிக்காவிலும் வீட்டில் பீர் செய்யக் கிடைத்த அனுமதி, சாராயம் வடிக்கக் கிடைக்கவில்லை.

குற்றவாளிகள்!

அந்த அனுமதிகூடச் சும்மா வரவில்லை.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. அப்போது மளிகைக் கடைகளில் மால்ட் பாகு டப்பா விற்றது. ரொட்டி சுட என்று சொல்லி வாங்கிப் போவார்கள். வீட்டில் ரொட்டி வேகாது, பீர் ஊறும்!

1933 டிசம்பர் 5-ந் தேதி மதுவிலக்கு போனது. வீட்டில் ஒயின் செய்யச் சட்டம் இடம் கொடுத்தது. பீருக்குக் கொடுக்கவில்லை. அதனால் அடுத்த 45 வருடம், சமையல் அறையில் பீர் செய்த ஒவ்வொருவரும் சட்டப்படி குற்றவாளிதான்.

1978 அக்டோபர் 14-ந் தேதி ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். 1979 பிப்ரவரி 1-ந் தேதி அமலுக்கு வந்தது. வயது வந்த ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 378 லிட்டர், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 757 லிட்டர் வரை வரி இல்லாமல் செய்யலாம். சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஒரு பாட்டில் விற்றாலும் குற்றம்!

அதே 1978-ல் கொலராடோ மாநிலம் போல்டர் நகரில் வீட்டு பீர்க்காரர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார் சார்லி பபேசியன். இவர் 1984-ல் வெளியிட்ட வழிகாட்டிப் புத்தகம் இந்தக் கூட்டத்துக்கு வேதம் மாதிரி ஆயிற்று.

ஆனாலும் மாநிலங்கள் தனித்தனியே ஒப்புக்கொள்ள வேண்டி இருந்தது. கடைசியாக மிசிசிப்பி, அலபாமா இரண்டும் வழிக்கு வந்தது 2013-ல்தான். அதாவது, சாம் கலஜியோனி டெலிவிஷனில் பீர் காய்ச்சிக் காட்டிய அந்த இரவில், அலபாமாவில் அதைப் பார்த்துக்கொண்டு அதே வேலையை வீட்டில் செய்தவர் சட்டப்படி குற்றவாளி!

தொழில் வளர்ந்த கதையும் இதிலேதான் இருக்கிறது. 1970-களின் கடைசியில் அமெரிக்கா முழுவதும் சேர்த்து பீர் தயாரிக்கும் ஆலைகள் 100-கூட இல்லை. இப்போது 9 ஆயிரத்துக்கு மேல். புதிதாக வந்த முதலாளிகளில் பலர் வீட்டு அடுப்பில் கை சுட்டுக்கொண்டு கற்றவர்கள்.

யார் நிறுத்தினார்?

இவ்வளவு திட்டு வாங்கிய தொடர் முதல் வரிசையோடு நின்றுபோனது. திட்டியவர்களே அதிர்ந்தார்கள்.

2011-ல் ஒரு பரபரப்பு. ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டு நிகழ்ச்சி நடத்திப் புகழ் பெற்ற சமையல்காரர் ஆன்டனி பூர்டெய்ன் ஒரு குற்றச்சாட்டை வெளிப்படையாகப் போட்டார். ஒரு பெரிய பீர் கம்பெனி விளம்பரத்தை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டியதால்தான் தொடர் நிறுத்தப்பட்டது என்பது அவர் புகார். பூர்டெய்னின் நிகழ்ச்சியையும் இந்தத் தொடரையும் எடுத்தது ஒரே படக் கம்பெனி. அதனால் அவர் பேச்சை ஜனங்கள் காது கொடுத்துக் கேட்டார்கள்.

பார்க்கிறவர்கள் தொகை குறைவு, அதனால் நின்றது என்றும் ஒரு பேச்சு உண்டு. எது உண்மை என்று நிரூபணம் ஆகவில்லை. பூர்டெய்னும் 2018-ல் காலமாகிவிட்டார்.

ஆனால் வீட்டு பீர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் உறைத்தது. டெலிவிஷனில் பீர் விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டுவது பெரிய கம்பெனிகள். சின்னவன் பீரைப் புகழும் நிகழ்ச்சி, பெரியவன் விளம்பரக் காசில் எத்தனை நாள் ஓடும்? நின்றதற்குக் காரணம் எதுவாக இருந்தாலும், இந்தக் கேள்வி நிற்கவில்லை. "நம்மைச் சரியாகக் காட்டவில்லை" என்று சண்டை போட்டவர்கள், "காட்டவாவது செய்தார்களே" என்று பேச ஆரம்பித்தார்கள்.

வெள்ளை மாளிகை ஊறல்

பிறகு நடந்தவை இன்னும் ருசிகரம்.

ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோது வெள்ளை மாளிகைச் சமையல்காரர்களே பீர் செய்தார்கள். தோட்டத்தில் வைத்த தேன்கூட்டுத் தேனை அதில் விட்டார்கள். என்ன பக்குவம் என்று சொல்லுங்கள் என்று ஜனங்கள் நச்சரித்தார்கள். 2012 செப்டம்பரில் செய்முறையை அளவோடு வெளியிட்டது வெள்ளை மாளிகை. டெலிவிஷன் தொடர் சொல்லாத கிலோக் கணக்கை ஜனாதிபதி மாளிகை சொல்லிவிட்டது!

2013-ல் "புரூ டாக்ஸ்" என்று இன்னொரு தொடர் வந்தது. ஸ்காட்லாந்து பீர் கம்பெனிக்காரர்கள் இருவர் அமெரிக்காவைச் சுற்றி வந்து பீர் செய்தார்கள். அதுவும் சில வருடங்களில் முடிந்தது.

பெரிய கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. வீட்டு பீர்க்காரர்களுக்குப் பார்லி, ஈஸ்ட், பாத்திரம் எல்லாம் விற்கும் "நார்தர்ன் புரூவர்" என்ற பெரிய கடையை, உலகத்திலேயே பெரிய பீர் கம்பெனியான ஏ.பி. இன்பெவ், 2016-ல் தன் கிளை நிறுவனம் மூலம் வாங்கியது. யாருடைய பீர் பிடிக்காமல் வீட்டில் காய்ச்சினார்களோ, அவர்களிடமே சாமான் வாங்க வேண்டிய நிலை! பலர் கொதித்துக் கடையை மாற்றினார்கள். அந்தக் கடை பிற்பாடு மறுபடி கைமாறிவிட்டது.

சாம் கலஜியோனியின் கம்பெனி 2019-ல் "பாஸ்டன் பீர்" என்ற பெரிய கிராப்ட் கம்பெனியோடு இணைந்தது. பேரம் சுமார் 30 கோடி டாலர். 40 லிட்டர் பாத்திரத்தில் ஆரம்பித்த கணக்கு அது.

தொடர் போனது. கெடுவும் பரபரப்பும் போயின. அமெரிக்காவில் சனிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் வாளியைக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார். காமிரா இல்லை, விளம்பரமும் இல்லை. போலீசும் வருவதில்லை. கொதிக்க ஒரு மணி, ஊற ஒரு மாதம். நேரம் மட்டும் அன்றும் இன்றும் அதேதான்.